வென்லா பொய்யாக நின்றதில்லை

பெயிண்ட் ஆற்றங்கரை,
மேல் மிச்சிகன்.
ஜனவரி 14

லீலண்ட் ஷார்போனோவுக்கு ஆர்வோ ஹாபலா எழுதுவது.

நீ என் நாயைப் பொய்க்காரி என்று சொன்னாய். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேட்டைக்காரர்கள் கூடிச் சாப்பிடும் விருந்தில், நாற்பது பேர் முன்னால் சொன்னாய். இரண்டு நாள் கழித்து மகளோடு விமானம் ஏறி அரிசோனாவுக்குப் போய்விட்டாய். நீ போய்விட்டாய், நீ சொன்ன சொல் இங்கேயே தங்கிவிட்டது. அதோடு நான்தான் இரண்டரை மாதமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

எப்போதும் 'அன்புள்ள' என்று தொடங்குவேன். இதில் அந்தச் சொல் இல்லை. மறந்துபோய் விடவில்லை.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுக்க இடம் இருக்கக் கூடாது. "ஆர்வோவோட வென்லா இன்னிக்கு அஞ்சு தடவ நின்னா. அஞ்சும் பொய். கௌதாரியே இல்லாத இடத்துல, இருக்குன்னு காட்டி அசையாம நின்னு ரெண்டு கிழவனையும் நல்லா நடக்க வச்சா." கூடம் முழுக்கச் சிரிப்பு. எட் நால்ட் மேசையைத் தட்டி, "யோவ் ஆர்வோ, அவள எலக்‌ஷன்ல நிக்க வையேன்யா, ஒண்ணுமில்லாம நிக்கிறவங்களுக்குத்தான் அங்க மரியாதை!" என்றான். எட் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. எட் தன் சொந்தக் கல்யாணத்திலேயே கேலி பேசி அடி வாங்கியவன்.

ஆனால் அடுத்த மேசையில் திருமதி ட்ரெவாரோ உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. முட்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது. பிப்ரவரிக் கடைசியில் வென்லா பருவத்துக்கு வரும்போது அவருடைய ஆண் நாய் பேனரோடு சேர்ப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். அவர் வீட்டு வாசலில் அந்தப் பேச்சு நடந்தபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். "தப்பா நினைக்காதீங்க ஆர்வோ, இது நடக்காது. பொய்யா நிக்கிற குணம் குட்டிக்கும் இறங்கும். பேனர் பேருல அப்படி ஒரு குட்டி வெளிய போகக் கூடாது" என்றார். லீலண்ட் சொன்னதை அப்படியே நம்பிவிடுவதா என்று கேட்டேன். "லீலண்ட் பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றார்.

நானும் கேட்டதில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். இந்தக் கவுண்டியில் சுட்டுத் தவறவிட்ட பறவைகளையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும் ஒரே மனிதன் நீ. வேறு எவன் சொல்லியிருந்தாலும் நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

வென்லாவுக்கு மே மாதம் ஏழு வயது முடிகிறது. இந்த முறை இல்லையென்றால் அவளுக்குக் குட்டி இல்லை. அவளுடைய பாட்டியை நூலகப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துப் பழக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் புத்தகத்தை நான் தவணை தாண்டித் திருப்பிக் கொடுத்த தேதியை நூலகத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வரிசை வென்லாவோடு முடிய வேண்டுமா வேண்டாமா என்பது பிப்ரவரி நடுவுக்குள் தெரிந்துவிட வேண்டும். நான் உனக்கு எழுதுவது இதற்காகத்தான், நலம் விசாரிக்க அல்ல.

நலம் விசாரிக்கவில்லையே என்று உன் மகள் கொலெட் வருத்தப்படுவாள் என்பதால் இந்த ஊர்ச் சேதி கொஞ்சம். பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. என் கூரைப் பனியை இரண்டு முறை தள்ளிச் சுத்தம் செய்தேன். உன் வேட்டைக் குடிசையின் கூரைப் பனியையும் தள்ளினேன், புகைபோக்கிப் பக்கம் ஒரு பலகை இற்றிருக்கிறது. நன்றி சொல்லி எழுதாதே. சனிக்கிழமை சானா நீராவிக் குளியலில் இப்போது நான் ஒருவன்தான், கல்லில் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட நானே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் பழையபடிதான்.

இனி விஷயம்.

நீ போன பிறகு நவம்பர் பதினான்கு வரையும், மான் வேட்டைக் காலம் முடிந்து மறுபடி டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரையும் நானும் வென்லாவும் மட்டும் போனோம். பதினாறு தடவை நிலை நின்றாள். பதின்மூன்று தடவை கௌதாரி எழுந்தது. மூன்று தடவை எழவில்லை, அதில் இரண்டு தடவை புதுப் பனியில் கால் தடம் இருந்தது, பறவை நின்ற இடத்திலிருந்து நடந்தே நழுவியிருக்கிறது. எல்லாவற்றையும் சமையலறை நாட்காட்டியில் எழுதி, அந்த நாட்காட்டியையே எடுத்துக்கொண்டு திருமதி ட்ரெவாரோவிடம் போனேன். அவர் காபி கொடுத்தார், இறைச்சி அடைத்த பேஸ்டி சூடாக்கிக் கொடுத்தார், நாட்காட்டியை மட்டும் திறக்கவில்லை. "ஆர்வோ, இது நீங்களே எழுதினது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

என் மூளையைக் குடைந்தது வேறொன்று. என்னோடு பதினாறுக்குப் பதின்மூன்று. உன்னோடு ஐந்துக்கு ஐந்தும் பொய். அதே நாய், அதே காடு, ஆஸ்பென் மரம் வெட்டிய அதே இடம். நீயோ பொய் சொல்லாதவன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கொலெட் போன் செய்தாள். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம், உனக்குத் தெரியாமல் பேசினாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். நான் சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் நன்மை இல்லை. "ஆர்வோ மாமா, அப்பாவுக்கு என்னமோ ஆகுது. கெட்டில் கூவிக் கூவி, தண்ணியெல்லாம் வத்தி, அடி கருகிப் போச்சு. ரெண்டடி தள்ளி உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார். கேட்டா, 'அது கூவவே இல்ல'ன்னு அடிச்சுப் பேசறார். மைக்ரோவேவ்ல வச்ச சூப்ப மறந்துடறார். ஞாபகம் போகுதோன்னு பயமா இருக்கு மாமா" என்று அழுதாள். உன் துப்பாக்கியை மருமகன் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டானாம். ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நான் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "உங்கப்பன் கெட்டில் கூவலைன்னு சொன்னா, அவனுக்கு அது கூவலம்மா." ஆறுதலுக்காகச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

காலைக் கஞ்சியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனேன். கொட்டகையில் வென்லா எழுந்து உடம்பைச் சிலிர்த்தாள். கழுத்து மணி கிணுகிணுத்தது. கூர்மையான, மெல்லிய, ஊசி மாதிரியான சத்தம். உன் குடிசைக் கெட்டிலின் கூவல் எந்தச் சுருதியில் இருக்குமோ, அதே சுருதி. பனியில் அப்படியே நின்றுவிட்டேன். வென்லா என்னைப் பார்த்தாள். இந்த முறை நிலை நின்றவன் நான்தான்.

இப்போது யோசி. முப்பத்தொரு வருஷமாக நம் நாய்கள் எல்லாமே உன் அம்மாவின் மாட்டு மணியைத்தான் கட்டியிருந்தன. தகரத்தில் செய்த, கடகடவென்று தடித்த குரலில் பேசும் மணி. முந்தின வருஷ வேட்டைக் கடைசியில் சதுப்பில் அதன் நாக்கு கழன்று விழுந்தது. போன கோடையில் நான் ஒரு புது மணி வாங்கினேன், சின்னது, பித்தளை, ஒரு மைல் தூரம் கேட்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. கேட்கும்தான். கேட்கிற காதுக்கு.

நீ நாற்பது வருஷம் மரம் அறுக்கும் மெஷினைத் தோளருகே பிடித்து வேலை செய்தாய், காதில் எதுவும் வைக்காமல். நான் கவுண்டியின் சாலை வண்டி ஓட்டும்போது காதில் பஞ்சு திணித்துக்கொள்வேன். அதற்காக நீ எனக்கு வைத்த பெயர் பஞ்சுக்காதன். முதலாளி முன்னால்கூட அப்படித்தான் கூப்பிட்டாய். அதையும் நான் மறக்கவில்லை.

மணி ஓடிக்கொண்டிருந்தால் நாய் தேடுகிறது. மணி நின்றால் நாய் பறவையைக் கண்டு நிலை நிற்கிறது. குழந்தைக்கும் தெரியும். உன் காதில் அந்த மணி எப்போதும் நின்றுதான் இருந்தது, லீலண்ட். அதனால் உனக்கு நாய் எப்போதும் நிலையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் கேட்கவில்லை என்றதும் "நின்னுட்டா! ஆர்வோ, நின்னுட்டா!" என்று கத்தினாய். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாய். அங்கே அவள் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அவள் தேடிக்கொண்டிருந்தாள். நீ பொய் நிலை என்று கணக்கு வைத்தாய். ஐந்து தடவை.

உண்மையாகவே நின்றபோதோ, உனக்கு அது தெரியவே இல்லை. பழைய மரப்பாதை வளைவில், கீழே விழுந்த தேவதாரு பக்கத்தில், உன் கண்ணுக்கு மறைவாக, அவள் கால் மணி நேரம் அசையாமல் நின்றாள், ஞாபகம் இருக்கிறதா? "வாடி இங்க! வாடின்னா!" என்று நீ விசிலடித்தாய், திட்டினாய். மூக்குக்கு நேரே பறவை இருக்கும்போது எந்த நல்ல நாய் வரும்? நீ அவளைத் தாண்டிப் போனாய். உன் முதுகுக்குப் பின்னால் கௌதாரி இடி மாதிரி எழுந்து போனது. அந்தத் தடித்த இரைச்சல் உனக்குக் கேட்டது, திரும்பினாய், அதற்குள் அது ஆற்றைத் தாண்டிவிட்டது. "சொன்ன பேச்சு கேக்காத கழுதை" என்று அவளைத்தான் வைதாய்.

இன்னொன்று. அன்று சாப்பாட்டு நேரத்தில் மரத்துண்டின் மேல் உட்கார்ந்து நீ சொன்னாய்: "காடு செத்துப்போச்சு ஆர்வோ. ஒரு குருவி சத்தம் இல்ல. இனி எனக்கு இங்க என்ன வேலை?" அப்போது உன் தொப்பிக்கு நேர் மேலே, கிளையில், கட்டைவிரல் அளவு குருவிகள் ஆறேழு உட்கார்ந்து கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தன. நீ ஏதோ மனம் நொந்து பேசுகிறாய் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாளே பெட்டி கட்டினாய்.

காடு சாகவில்லை. உன் காதில் மேல் சுருதி மட்டும் போய்விட்டது. அவ்வளவுதான்.

நான் ஊகத்தில் பேசுகிறேன் என்று சொல்வாய், அதனால் சோதித்தும் பார்த்தேன். எட் நால்ட்டும் உன்னைப் போல் மெஷின் பிடித்தவன்தானே. பெட்ரோல் பங்க் காபிக் கடையில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று புது மணியை ஆட்டினேன். கல்லாவில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். எட் டோனட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு உன் அம்மாவின் மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். காபி முழுக்க மடியில். "எவன்டா அது மாட்ட உள்ள விட்டவன்!" என்று எழுந்து கத்தினான். விஷயத்தைச் சொன்னதும் புது மணியை வாங்கித் தன் காதருகே ஆட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "இதான் வீட்ல அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கறதில்லையா? வேணும்னே பண்றேன்னு பத்து வருஷமா சண்ட போடறாய்யா" என்றான். அடுத்த வாரம் மார்க்வெட்டுக்குக் காது டாக்டரிடம் போகிறான். பேண்ட்டுக்குச் சலவைக் கூலி நான் தர வேண்டும் என்கிறான். தர மாட்டேன்.

இந்த இடத்தில் நான் ஒன்று எழுதியாக வேண்டும். எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, யாரும் பார்க்கவில்லை. நான் அன்று ஆல்டர் புதருக்கு அந்தப் பக்கம், பறவை எழுந்து வரும் வழியில் வந்துகொண்டிருந்தேன். சருகும் கிளையும் முறிகிற சத்தத்தில் மணி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீ கத்தியதும் நின்றேன், நின்றதும் மணி ஓடுவது கேட்டது. ஆக, அவள் நிலையைக் கலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். உன்னைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. மூன்று தடவை அவளைக் காதைப் பிடித்து நிறுத்தித் திட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. விருந்தில் நீ சொன்னபோது எழுந்து உன்னைப் பொய்யன் என்று சொல்லாமல் நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் மரியாதை அல்ல. பாதி நம்பிவிட்டேன்.

மணி வாங்கியதும் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் நாற்பது பேர் முன்னால் பேசியது நீ. இரண்டும் ஒரே எடை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

காது கேட்காத மனிதனைக் கொலெட் ஞாபகம் கெட்டவன் என்கிறாள். கேட்டதைக் கேட்டதாகவும், கேட்காததைக் கேட்கவில்லை என்றும் நீ நேர்மையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய், யாரும் நம்பவில்லை. வென்லாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இனி ஆக வேண்டியது.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் இரண்டு மணிகள் இருக்கின்றன. உன் அம்மாவின் மணிக்கு ஏர்க்கலப்பை ஆணியைத் தட்டிப் புது நாக்குப் போட்டிருக்கிறேன், குரல் மாறவில்லை. பெட்டியைக் கொலெட் பிரிக்க வேண்டும், நீ அல்ல. நீ பின்கட்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். அவள் சமையலறையில் நின்று ஒவ்வொன்றாக ஆட்ட வேண்டும், எந்த வரிசையில் என்று அவள் இஷ்டம். கேட்கும்போது நீ கையைத் தூக்கு. திரும்பிப் பார்க்காதே. நீ ஏமாற்ற மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

அதன் பிறகு கொலெட் உன்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். ஞாபக டாக்டரிடம் போவது பிறகு, தேவை இருந்தால். இருக்காது.

மருமகன் அலமாரிச் சாவியை உன்னிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவனும் படிக்கலாம்.

நீ திருமதி ட்ரெவாரோவுக்கு உன் கையால் எழுத வேண்டும். போனில் பேசாதே, அவர் சொல்வது உனக்குப் பாதிதான் கேட்கும். நான் சொல்லிக்கொடுத்ததை எழுதாதே. மணிகளை ஆட்டியபோது உனக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை, அன்று காட்டில் நீ என்ன கேட்டாய், என்ன கேட்கவில்லை, அதை மட்டும் எழுது. பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். உன் வார்த்தையை அவர் நம்புவார். எல்லாரும் நம்புவார்கள், அதுதானே தொல்லை.

புது மணியை நீயே வைத்துக்கொள், கெட்டிலுக்குக் கட்டினாலும் சரி. மாட்டு மணியைப் பத்திரமாக வைத்திரு. அக்டோபரில் நீயே கையோடு கொண்டுவர வேண்டும், தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன். முதல் சனிக்கிழமை விமான நிலையத்துக்கு நான் வண்டி கொண்டுவருவேன். அது தவிர வேறு எந்த மணியையும் கட்டி வென்லாவை உன் பக்கம் விட மாட்டேன்.

அடுத்த விருந்தில் அதே மேசையருகே எழுந்து, அதே சத்தத்தில், அதே நாற்பது பேர் முன்னால் நீ சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். எட் சிரித்தால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குட்டிகள் பிறந்தால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பேனருக்காக ட்ரெவாரோவுடையது. இரண்டாவது உன்னுடையது. வேண்டாம் என்று எழுதாதே, கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

நான் செய்ய வேண்டியது: உன் குடிசையின் இற்ற பலகையை மாற்றுவது, சானாவுக்கு விறகு பிளப்பது, அக்டோபர் வரை உயிரோடு இருப்பது. மூன்றையும் செய்துவிடுவேன். நீயும் கடைசியைச் செய்.

வென்லா செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தன் வேலையை அவள் அன்றைக்கே, விழுந்த தேவதாரு பக்கத்தில், நீ திட்டத் திட்ட, செய்துவிட்டாள்.

ஆர்வோ ஹாபலா

'அன்புள்ள' என்ற சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன். அக்டோபரில் வந்து வாங்கிக்கொள்.